மைக்கில் சொன்னால் அழைப்பாகுமா?

எங்கள் ஊருக்கு மல்லசமுத்திரம் என்று பெயர். சமுத்திரமெல்லாம் பெயரோடு சரி. ஏரியில் இடுப்பளவு தண்ணீர் வந்தாலே வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுப்போம். அப்படிப்பட்ட ஊரில் ஐம்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு, பதினோரு மாடிக் கப்பல் ஒன்றின் அடியில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. கப்பலில் தலை சுற்றினால் போட்டுக்கொள்ள மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஏறுவதற்கு முன்பே சுற்றினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

நான் கோழித்தீவன டீலர். கடை என் பெயரில், கோழிப்பண்ணை வீட்டுக்காரர் பொறுப்பில். அந்த வருஷம் நன்றாக மூட்டை ஓட்டிய டீலர்களை, ஆளுக்கொரு துணையோடு, இலங்கை வரை போய்த் திரும்பும் ஐந்து நாள் கப்பல் சுற்றுலாவுக்குக் கம்பெனிக்காரர்கள் அனுப்பினார்கள். நாமக்கல், சேலம், திருச்செங்கோடு, ஓமலூர் என்று மொத்தம் நூற்றெண்பது பேர். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கையை விரித்துவிட்டார். "கோழிக்கு லீவு ஏது? நீ அக்காளைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

அக்காள் என்றால் அவருடைய அக்கா பாவாயி. எனக்கு நங்கை. வயது அறுபத்தாறு. வாய் ஒரு காலத்தில் காத தூரம் கேட்கும், கோயில் கும்மியில் கால் பிசகாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன், அதாவது நங்கையின் வீட்டுக்காரர், தவறிய பிறகு அந்த வாய் அடங்கிப் போயிற்று. விசேஷம், விருந்து, கோயில் திருவிழா எதற்கும் வருவதில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும்.

வருகிற தை மாதம் நங்கையின் மகனுக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயசு வரைக்கும் பெண் தேடி, தரகர்கள் தேய்த்த செருப்புக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் அமைந்த கல்யாணம். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் கதைதான் ஊருக்கே தெரியுமே. நிச்சயம் முடிந்த அன்று நங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சரசு, கண்ணாலத்துல என் இடத்துல நீயே நின்னுரு. மாப்பளைக்கு அம்மா செய்யற சீரெல்லாம் நீயே செஞ்சுரு. நான் பொறத்தால இருந்துக்கறேன்" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்று வளர்த்தவர் பின்கட்டில் நிற்க, நான் போய் மணவறைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி நிற்பதா? அன்றைக்கே முடிவு செய்தேன். தை பிறப்பதற்குள் இவர் மனசை மாற்றியே தீருவது. அதற்குத்தான் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கப்பலில் ஒளிந்துகொள்ள மாடும் கிடையாது, அடுப்பும் கிடையாது. நங்கையும் லேசுப்பட்டவரா? கிளம்பும்போதே நிபந்தனை போட்டார். "கடலைப் பாக்கறேன். ஆனாக் கூட்டத்துக்குள்ள எங்கியும் என்னையக் கூப்புடக் கூடாது, ஆமா."

கப்பலுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம். எங்கள் கூட்டத்திடமிருந்து வாங்கி வைத்த புளிச்சோற்றை மட்டும் வைத்து ஒரு பந்தியே போட்டிருக்கலாம்.

உள்ளே போனதும் முதல் வேலை ஆபத்துக்காலப் பயிற்சி. கப்பல் ஊழியர்கள் ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டி, சிரித்துக் கையைக் காட்டி அழைத்தார்கள். நூற்றெண்பது பேரும் ஒருத்தர் பாக்கியில்லாமல் போய் வரிசையில் நின்றோம். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நங்கையும் நின்றார். "கூட்டத்துக்கு வரமாட்டேன்னீங்க?" என்று கேட்டேன். "கதவைத் தட்டிக் கூப்புடறான், போகாம இருந்தா மருவாதியா?" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மிதவைச் சட்டைப் பட்டையில் என் சடை மாட்டிக்கொண்டதில் என் கவனம் முழுக்க அங்கே இருந்தது.

பயிற்சி முடிந்ததும் மேடையேறிய பெண்ணைத்தான் நான் இந்தப் பயணத்தில் மறக்கவே மாட்டேன். கோவாக்காரி, பெயர் லினெட். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மஞ்சள் கோட்டு, கையில் மைக், காலில் சக்கரம். அவள்தான் கப்பலின் குரூஸ் டைரக்டர். கப்பலை ஓட்டுவது கேப்டன் வேலை என்றால், கப்பலில் இருக்கிற ஆட்களை ஓட்டுவது இவள் வேலை. காலையில் யோகா, பத்து மணிக்கு விடுகதைப் போட்டி, பதினொன்றுக்கு நடன வகுப்பு, சாயங்காலம் பாட்டு, மேஜிக், நாடகம் என்று ஒரு நாளை அரை மணிக்கூறாக வெட்டி, அச்சடித்து, கதவுக்கு அடியில் தள்ளிவிடுவாள். நாமக்கல் ஆஸ்டல் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் போடுவார்களே, அதே மாதிரி அட்டவணை. அங்கே படிக்கச் சொல்லி மணி அடிப்பார்கள், இங்கே ஆடச் சொல்லி அடிக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்த உடனே குஷி கிளம்பிவிட்டது. சலவைத்துண்டை மடித்து யானை செய்யும் வகுப்புக்குப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன்.

ஆனால் மதியமே முதல் வேடிக்கை நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஐம்பது வகைப் பதார்த்தம் பரப்பியிருந்தது. எங்கள் ஆட்கள் நூற்றெண்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம். தட்டைத் தொடுவார் யாருமில்லை. நாங்கள் பார்க்க, சமையல்காரர்கள் எங்களைப் பார்க்க, பத்து நிமிஷம் ஓடியது. சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று அவர்கள் முகம் வாடிப் போனது. விஷயம் அதுவல்ல. "சாப்பிட வாங்க" என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

கடைசியில் ஜப்பார் பாய்தான் காப்பாற்றினார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தவிடு, புண்ணாக்கு வியாபாரம், தீவன டீலரும்கூட. "இங்க பொண்ணு வீடு யாரு, மாப்பிள்ளை வீடு யாரு? யாரும் வந்து கூப்பிட மாட்டாங்க. எனக்குப் பசிக்குது. எல்லாரும் வாங்க, நான் கூப்பிடறேன், சாப்பிடுங்க!" என்று கையை வீசினார். அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி ஆனது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கள் கூட்டத்துக்கென்றே ஆறாவது மாடி அரங்கத்தில் வரவேற்பு நிகழ்ச்சி. லினெட் ஒலிபெருக்கியில் நாலு தடவை அறிவித்தாள். குரலில் தேன் சொட்டியது. யாரும் அசையவில்லை. அறைவாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள்.

நங்கை படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூரையிலிருந்து வந்த குரலைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மைக்குல சொன்னா அது அழைப்பாயிருமா? பஸ் ஸ்டேண்டுலயுந்தான் மைக்குல சொல்றாங்க."

நான் போனேனா என்றால், நானும் போகவில்லை. காபி தேடிப் போனவள் வழிதவறி அந்த அரங்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். முந்நூறு நாற்காலி. அதில் பதினோரு பேர். மேடையில் எட்டு நடனக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். லினெட் மேடையோரத்தில் நின்று, முந்நூறு பேர் இருப்பதுபோலவே சிரித்து, ஒற்றையாளாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. வழிதவறி வந்த பாவத்துக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். கரை என்ற பேச்சே இல்லை. காலையில் எழுந்து மேல்தளத்துக்குப் போனவள் வாயைப் பிளந்தபடி அரை மணி நேரம் நின்றேன். இத்தனை தண்ணீரையும் நம் ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டால் எப்படி இருக்கும் என்று ஓமலூர்க்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார். உப்புத் தண்ணீர் என்று ஞாபகப்படுத்தினேன். அது கிடக்கட்டும், தண்ணிதானே என்றார்.

காலைச் சாப்பாட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் நீளமாக வரிசை கட்டி நின்றார்கள். முட்டைக் கவுண்டர். நேபாளத்துக்காரர் ஒருவர் ஒவ்வொருத்தரையும் முகம் பார்த்து, உங்களுக்கு எப்படி வேணும் என்று கேட்டுக் கேட்டு ஆம்லெட் போட்டார். நாங்கள் சாப்பிட நின்றோமா, பரிசோதிக்க நின்றோமா என்பது அவருக்கே குழப்பம். உடைத்த முட்டையின் மஞ்சள் கரு வெளிறிப் போயிருந்தது. "தீவனத்துல மக்காச்சோளம் பத்தலை" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒருத்தர் ஓட்டைத் தடவிப் பார்த்து, கோழிக்கு வயசு எழுபது வாரத்துக்கு மேலே என்று சோதிடம் சொன்னார்.

அங்கேதான் லினெட் என்னைப் பிடித்தாள். நேற்று கடைசி வரிசையில் உட்கார்ந்து தட்டிய கையை அடையாளம் வைத்திருக்கிறாள். என் ஆங்கிலம் தீவன மூட்டையில் அச்சடித்திருக்கிற அளவுக்குத்தான் வரும். அவள் மெதுவாகப் பேசியதால் புரிந்தது. "உங்கள் ஆட்களுக்கு என் மேல் ஏதாவது கோபமா? ஆபத்துப் பயிற்சிக்கு எல்லாரும் வந்தீர்கள். முட்டைக்கு வருகிறீர்கள். என் நிகழ்ச்சிக்கு மட்டும் ஏன் வரவில்லை? பாட்டை மாற்றவா? நடனத்தை மாற்றவா? இந்தப் பதவியில் இதுதான் என் முதல் பயணம். எதைச் செய்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லுங்கள், செய்கிறேன்."

அப்பாவி முகம். கோபமெல்லாம் இல்லை என்று மட்டும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் துண்டு யானை வகுப்பு முடிந்து, தும்பிக்கை தொங்கிப்போன என் யானையோடு அறைக்குத் திரும்பினேன். நங்கை சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக ரொட்டியும் தயிரும்தான் சாப்பிட்டிருந்தார். விட்டுப்பிடிப்போம் என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க நங்கை, கீழ ஆட்டம் பாட்டமெல்லாம் நடக்குதுங்க. ஒருக்காப் போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

"நீ போயிட்டு வா."

"எத்தனை நாளைக்குத்தானுங்க இப்படி உள்ளயே இருப்பீங்க? உங்களை ஆராச்சும் வரவேண்டாம்னு சொன்னாங்களா?"

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கண்ணன் போனதுக்கப்புறம் என்னைய ஆரும் வராதேன்னு சொல்லலை புள்ள. வான்னும் சொல்லலை. தட்டத்தை எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வருவாங்க. பையனைக் கூப்புட்டு அவன் கையில குடுத்துப்போட்டுப் போவாங்க. நான் உள்ளார நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். அவ்வளவுதான்."

எங்கள் பக்கம் பத்திரிகை அனுப்பினால் அழைத்ததாகாது. தாம்பாளத் தட்டோடு நேரில் வந்து, வீட்டில் மூத்தவர் முகத்தைப் பார்த்து, வந்துருங்க என்று வாயால் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு வந்த பிறகும், பந்திக்கு இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எழுந்து போய் உட்கார்ந்தவனைப் பத்து வருஷம் பேசுவார்கள். இத்தனை மரியாதை தெரிந்த நாங்கள்தான், வீட்டுக்காரர் போன பெண்களிடம் தட்டை நீட்டாமல் தாண்டிப் போகிறோம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் மகள் கல்யாணத்துக்குத் தட்டெடுத்துப் போன வீடுகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. என் தும்பிக்கை தொங்கிய யானையை நங்கை வாங்கி, பிரித்து, ஒழுங்காகத் துண்டாக மடித்து வைத்தார்.

மூன்றாம் நாள் திருகோணமலையில் கரை ஏறினோம். ஜப்பார் பாயும் அவர் வீட்டம்மாவும் நாங்களும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். கடலுக்கு மேலே பாறை நுனியில் கோயில். நான் ஊரில் காற்றுக்கு ஏங்கிய காலத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டிவிட்டேன். கோயிலுக்குக் கீழே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலில் நின்ற அம்மா எங்களைப் பார்த்ததும், "எங்கயிருந்து வாறீங்கள்? இந்தியாவோ? வெயிலுக்குள்ள நிக்காதீங்கோ. உள்ள வந்து இருந்து சாப்பிட்டுப் போங்கோ" என்றார்.

அடுத்த நொடி நங்கை உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, காரமாக ஒரு சம்பல். "இன்னும் ரெண்டு வையுங்கோவன்" என்று அந்த அம்மா வைக்க வைக்க, நங்கை மறுக்கவேயில்லை. எட்டு இடியப்பம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கதவைத் தட்டினார்கள், பயிற்சிக்குப் போனார். முகம் பார்த்துக் கேட்டார், முட்டைக்கு வரிசை நின்றது. உள்ளே வாங்கோ என்றார், எட்டு இடியப்பம். ஐயோ, இவ்வளவுதானே சங்கதி! இதை லினெட்டிடம் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உடனே கப்பலுக்குப் போகத் துடித்தேன். வேனுக்குத் துடிப்பில்லை. பாதி வழியில் ரேடியேட்டர் ஓஸ் வெடித்து, புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கப்பல் நாலு மணிக்கு ஏணியை எடுத்துவிடும். மணி மூன்றைத் தாண்டியாயிற்று. லாரி ஊர்க்காரர்களிடம் போய் வண்டி மக்கர் பண்ணலாமா? ஓட்டுநரை நகர்த்திவிட்டு எட்டுத் தலை பானட்டுக்குள் நுழைந்தது. எட்டுத் தலைக்கும் எட்டு யோசனை. கடைசியில் பக்கத்துச் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, ஜப்பார் பாய் அதைக் கீறி ஓஸின் மேல் இறுக்கிச் சுற்றினார். "பிஸ்மில்லா, எடுங்க வண்டியை" என்றார். எடுத்தது.

துறைமுகத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது நாங்கள்தான். ஏணிக்கு அடியில் லினெட் பட்டியலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, திட்டாமல், பத்துப் பேருக்கும் கைதட்டினாள். நங்கையின் கையைப் பிடித்து ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டாள். "நல்ல புள்ள" என்றார் நங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே.

நான் லினெட்டை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். கையும் காலும் ஆட்டி, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி விளக்கினேன். மைக்கைக் கீழே வை. தட்டை எடு. கதவைத் தட்டு. முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல். மூத்தவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே. அவள் குறித்துக்கொண்டாள். "இவ்வளவுதானா?" என்று மூன்று தடவை கேட்டாள். இவ்வளவுதான் என்று மூன்று தடவை சொன்னேன்.

நாலாம் நாள், கடைசிச் சாயங்காலம். அன்றைய அரங்க நிகழ்ச்சிக்கு ஒரு புதுத் திட்டமும் போட்டிருந்தோம். எங்கள் கூட்டத்தில் இருபது பெண்களாவது கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் வள்ளி கும்மி கற்று அரங்கேற்றம் செய்தவர்கள். இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் அதுதானே. கப்பல் நடனக்காரர்களும் சேர்ந்து ஆடட்டும் என்று லினெட் குதித்தாள்.

தட்டு தயாரிப்பது என் பொறுப்பு. கப்பல் வெள்ளித் தட்டு ஒன்று கிடைத்தது. கற்கண்டுக்குப் பதில் சர்க்கரைக் கட்டி. சாப்பாட்டு மேசையிலிருந்து நாலு பூ. என் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழ். பன்னீருக்கு எங்கே போவது என்று திகைத்தபோது ஜப்பார் பாய் சட்டைப்பையிலிருந்து அத்தர்ச் சீசாவை எடுத்து வைத்தார். "இதைப் புறங்கையில தடவுங்க. பன்னீரைவிட நாலு மணி நேரம் அதிகமா நிக்கும்" என்றார்.

மூத்தவர் என்று நான் மனசில் வைத்திருந்தது நாமக்கல்லின் பெரிய டீலர் ஒருவரை. மீசை நரைத்த ஆள், முதல் மரியாதையை எதிர்பார்க்கிறவர். லினெட்டுக்கு மீசை நரை எல்லாம் கணக்கில் இல்லை. அவளிடம் பயணிகள் பட்டியல் இருக்கிறது, அதில் பிறந்த தேதி இருக்கிறது. வயதானவர்கள் கம்பெனி டூருக்கு வராமல் பிள்ளைகளை அனுப்பிவிட்டதில், எங்கள் நூற்றெண்பது பேரில் மூத்தவர் யார் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது.

திறந்தால் லினெட். கையில் தட்டு. பின்னால் எட்டு நடனக்காரர்கள் கைகட்டி நிற்கிறார்கள். நடைபாதை முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்க்க எட்டிப் பார்க்கிறார்கள். தட்டின் நடுவில் என் குங்குமச் சிமிழ். அதை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். லினெட் என்னைத் தாண்டி நேராக நங்கையிடம் போனாள். குனிந்தாள். நான் சொல்லிக்கொடுத்து, ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த ஒற்றை வாக்கியத்தைச் சொன்னாள்.

"அம்மா, நீங்க வரோணும்."

நங்கை தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னைய எதுக்கு மொதல்ல கூப்புடறா? அவளுக்குத் தெரியாது. நீ எடுத்துச் சொல்லு" என்றார்.

நான் எதைச் சொல்ல? ஏன் இவரை முதலில் என்று மட்டும் லினெட்டிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். "உங்க கூட்டத்துக்கே நீங்கதான் மூத்தவங்களாமுங்க நங்கை. நீங்க வராம அவ எப்படித் தொடங்கறதுன்னு கேக்கறா."

நங்கையின் கை மெல்ல நீண்டது. குங்குமச் சிமிழை அவர் தொடவில்லை. அது அங்கேயே இருந்தது. ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். புறங்கையை நீட்டினார். லினெட் அத்தர் தடவினாள்.

"இரு சாமி. சீலை மாத்தீட்டு வாரேன்" என்றார் நங்கை.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது, பெட்டியின் அடியில் எப்போது எடுத்து வைத்தாரோ, அரக்கு நிறப் பட்டுச்சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் லினெட் தொண்ணூறு கதவும் தட்டி முடித்தாள். ஆறு மணிக்கு அரங்கத்தில் எங்கள் ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு மற்றப் பயணிகளும் நுழைய, நாற்காலி போதவில்லை. நரைத்த மீசைக்காரர் முதல் அழைப்பு தனக்கு வராததில் சற்று முறைப்பாகத்தான் வந்தார். மேஜிக்காரன் அவர் காதிலிருந்து முட்டை எடுத்ததும் முறைப்பு போய்விட்டது. "நம்ம முட்டைதான்!" என்று அரங்கமே கத்தியது. நங்கை முன்வரிசையில் நடு நாற்காலி. லினெட்டே கைபிடித்து உட்கார வைத்திருந்தாள்.

கும்மி தொடங்கியது. இருபது பெண்கள், எட்டு நடனக்காரர்கள், நடுவில் மஞ்சள் கோட்டோடு லினெட். கப்பல் லேசாக ஆடுகிறது. எங்கள் பெண்கள் இடப்பக்கம் போனால் கப்பல் வலப்பக்கம் போகிறது. கைதட்டு மட்டும் பிசகவில்லை. பிசகியதெல்லாம் லினெட்டின் கால்தான். முன்வைக்க வேண்டிய நேரத்தில் பின்வைத்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நங்கை நாற்காலியில் நெளிந்தார். "அய்ய, அந்தக் கால் இல்ல" என்று முணுமுணுத்தார். மூன்றாவது சுற்றிலும் அதே தப்பு.

பொறுக்க முடியவில்லை அவரால். எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். மூன்று படி ஏறி மேடை நடுவுக்குப் போய் லினெட்டின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அந்தக் கால் இல்ல சாமி, இந்தக் கால்! என்னையப் பாரு!"

அதே காத தூரக் குரல். நாலு வருஷம் கழித்து அதைக் கேட்கிறேன். அவர் ஆட, அவரைப் பார்த்து லினெட் ஆட, அவளைப் பார்த்து எட்டு நடனக்காரர்களும் ஆடினார்கள். தான் மேடையில் நிற்கிறோம் என்பதே நங்கைக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோதுதான் சுற்றுமுற்றும் பார்த்தார். இறங்கி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஐந்தாம் நாள் காலை இறங்கும் நேரம். வாசலில் லினெட் மைக்கோடு நின்று எல்லாருக்கும் விடை சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தபோது நங்கையின் கையில் நேற்றைய வெள்ளித் தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அறைப் பையனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அதில் இரண்டு சர்க்கரைக் கட்டியும் வாடிய பூவும் இருந்தன.

லினெட்டின் முன்னால் போய் நின்றார். அவள் கையிலிருந்த மைக்கை மெதுவாக ஒதுக்கிவிட்டுத் தட்டை நீட்டினார்.

"சாமி, தை மாசம் எம் பையனுக்குக் கண்ணாலம். நேர்ல சொல்றேன், வந்துரோணும். கூட்டத்துல என்னைய எங்கியும் தேட வேண்டாம். மணவறைக்குப் பக்கத்துல, மாப்பளைக்கு அம்மாளா நான்தான் நிப்பேன். அங்க வந்து பாரு."

லினெட் என் முகத்தைப் பார்த்தாள். நங்கை சொன்னதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னதும், அவள் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏணியில் இறங்கும்போது அடக்க முடியாமல் கேட்டேன். "அப்போ நானுங்க நங்கை? உங்க இடத்துல நிக்கச் சொன்னீங்களே?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். "நீ பந்திக்கிட்ட நின்னு வாரவங்களைச் சாப்புடக் கூப்புடு. இல்லீன்னா நம்மாளுக கையைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க."